தோப்புக்கரணமும் இரண்டு அரைக்கோளங்களும்: குழந்தைப் பருவ மூளை இணைப்பு குறித்து ஓர் ஆய்வு

1. கேள்வி

சித்தூரிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் தொலைவில், பாகுதா ஆற்றங்கரையில் காணிப்பாக்கம் இருக்கிறது. முதலாம் குலோத்துங்க சோழன் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் வரசித்தி விநாயகர் கோயில் அங்கே உள்ளது. திருப்பதிக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் பல, போகும்போதோ திரும்பும்போதோ இங்கேயும் வந்து செல்கின்றன. பிள்ளையார் சந்நிதிக்கு வந்தால் பெரியவர்கள் தலையில் குட்டிக்கொள்வதும், பிள்ளைகள் கைகளை மாற்றிக் காதுமடலைப் பிடித்துத் தோப்புக்கரணம் போடுவதும் வழக்கம். தெலுங்குக் குடும்பங்கள் இதையே குஞ்சீள்ளு என்கின்றன.

ஏன் போட வேண்டும் என்று குழந்தை கேட்டால் முன்பெல்லாம் "பிள்ளையார் புத்தி கொடுப்பார்" என்பதே பதிலாக இருந்தது. கடந்த இருபது ஆண்டுகளில் அந்தப் பதிலோடு இன்னொன்று சேர்ந்திருக்கிறது. வலது கை இடது காதையும் இடது கை வலது காதையும் பிடித்து உட்கார்ந்து எழுந்தால் வலது மூளையும் இடது மூளையும் இணைந்து வேலை செய்யும், நினைவாற்றல் பெருகும், மதிப்பெண் கூடும் என்கிறது அது. பிலிப்பைன்ஸைச் சேர்ந்த சோவா கோக் சூயி 2005இல் 'சூப்பர்பிரெயின் யோகா' என்ற பெயரில் இதை நூலாக்கினார். 2019இல் ஹரியானா மாநிலப் பள்ளிக் கல்வி வாரியம் பிவானியிலுள்ள தன் மாதிரிப் பள்ளியில் இதைத் தினசரிப் பயிற்சியாக்க முடிவெடுத்தது செய்தியானது. நம் ஊர்களில் அபாகஸ் வகுப்பு, இரு கையாலும் எழுதும் பயிற்சி, கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைப்பதாகச் சொல்லும் 'நடுமூளைத் தூண்டல்' என்று பலவும் ஏறக்குறைய இதே வாசகத்தைச் சொல்லித்தான் பெற்றோரிடம் கட்டணம் வாங்குகின்றன.

கோயிலில் தோப்புக்கரணம் போடுவது பற்றி இந்தக் கட்டுரைக்கு எந்த மறுப்பும் இல்லை. வழிபாடாக அதைச் செய்பவருக்கு நரம்பியலின் ஒப்புதல் தேவையும் இல்லை. ஆனால் குழந்தையின் மூளையில் இன்ன மாற்றம் நடக்கிறது என்று ஒருவர் சொன்னால், அது சோதித்துப் பார்க்க வேண்டிய கூற்றாகிவிடுகிறது. சோதிக்க வேண்டுமானால் முதலில் ஒன்று தெரிய வேண்டும்: குழந்தையின் இரு அரைக்கோளங்களும் ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் திறன் எந்த வயதில், எந்த வழியில், எதனால் வளர்கிறது?

2. கூற்றும் உடற்கூறும்

பெருமூளையின் இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் பாதைகளில் மிகப் பெரியது கார்ப்பஸ் கலோசம். இதை இனி இணைப்புப்பட்டை என்று குறிப்பிடுகிறேன். வளர்ந்த மனிதரில் சுமார் 20 கோடி நரம்பிழைகள் இதன் வழியே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகின்றன. உடலின் இடப்பக்கத் தொடுவுணர்வு பெரும்பாலும் வலது அரைக்கோளத்தையும், வலப்பக்கத் தொடுவுணர்வு இடது அரைக்கோளத்தையும் முதலில் சென்றடைகிறது. ஒரு பக்கம் அறிந்ததை மறுபக்கம் அறிய வேண்டுமானால் அது இந்தப் பட்டையைக் கடக்க வேண்டும்.

தோப்புக்கரணம் பற்றிய கூற்று இங்கேயே சறுக்குகிறது. கையைக் குறுக்காக வைத்தாலும் நேராக வைத்தாலும் கையிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு மாறுவதில்லை. வலது கை இடது காதைப் பிடித்திருந்தாலும் அந்த விரல்களின் உணர்வு இடது அரைக்கோளத்துக்குத்தான் போகிறது. இரு காதுமடல்களையும் ஒரே நேரத்தில் அழுத்தும்போது இரு அரைக்கோளங்களும் தூண்டப்படுவது உண்மை. கைதட்டினாலும், இரு கையால் மாவு பிசைந்தாலும் அதுவே நடக்கும். காதுமடலில் மூளைக்கான புள்ளி இருக்கிறது என்ற கருத்து, 1950களில் பிரெஞ்சு மருத்துவர் பால் நோஜியே காதின் மேல் தலைகீழாகக் கிடக்கும் ஒரு கருவின் உருவத்தைப் பொருத்திப் பார்த்து உருவாக்கிய வரைபடத்திலிருந்து வருகிறது. நரம்பியல் உடற்கூறு அந்த வரைபடத்தை ஏற்பதில்லை.

ஒரு குழந்தை 'வலது மூளைக்காரி', இன்னொன்று 'இடது மூளைக்காரன்', இருவரையும் சமன்படுத்த வேண்டும் என்ற எண்ணமும் நிற்பதில்லை. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தினர் 7 முதல் 29 வயது வரையிலான 1,011 பேரின் மூளைப் படங்களை ஆராய்ந்து 2013இல் முடிவுகளை வெளியிட்டனர். மொழி போன்ற சில பணிகள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. ஆனால் ஒரு மனிதரின் மூளை முழுவதுமாக ஒரு பக்கத்தை அதிகம் பயன்படுத்துகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

3. பிறப்பதற்கு முன்

இணைப்பின் கதை கருவறையில் தொடங்குகிறது. கர்ப்பத்தின் 12, 13ஆம் வார வாக்கில் முதல் நரம்பிழைகள் நடுக்கோட்டைக் கடக்கின்றன. 20ஆம் வாரத்தை ஒட்டி இணைப்புப்பட்டைக்கு அதன் அடிப்படை வடிவம் வந்துவிடுகிறது. இதே காலகட்டத்துக் கருமூளைகளைத்தான் சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம் நுண்ணிய வெட்டுகளாகப் படமெடுத்து, 'தரணி' என்ற பெயரில் 2024 டிசம்பரில் உலகத்துக்குத் திறந்துவிட்டது. அதில் 5,132 வெட்டுப் படங்கள் உள்ளன. திருப்பதியிலிருந்து மூன்று, நான்கு மணி நேரப் பயணத்தில் அடையக்கூடிய ஓர் ஆய்வகம் இந்தத் துறையின் முன்வரிசையில் நிற்பதைத் தமிழ் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும்.

பிறந்த பிறகு நடப்பதுதான் பலருக்கும் வியப்பளிக்கும். இணைப்பு வளர்கிறது என்றால் இழைகள் கூடிக்கொண்டே போகும் என்றுதான் நினைப்போம். நடப்பது நேர்மாறு. லாமான்டியா, ராகிச் இருவரும் ரீசஸ் குரங்குகளில் செய்து 1990இல் வெளியிட்ட எண்ணிக்கையின்படி, பிறந்த குட்டியின் இணைப்புப்பட்டையில் சராசரியாக 18 கோடியே 80 லட்சம் இழைகள். வளர்ந்த குரங்கிலோ 5 கோடியே 60 லட்சம்தான். முதல் மூன்று வாரங்களில் ஒரு நாளுக்கு 44 லட்சம் இழைகள், அதாவது நொடிக்குச் சுமார் 50 வீதம், நீக்கப்படுகின்றன. ஆனாலும் பட்டை பருக்கிறது. காரணம், எஞ்சிய இழைகளின் மேல் மயலின் என்னும் கொழுப்புறை படிகிறது. உறை படிந்த இழையில் செய்தி பல மடங்கு வேகமாகப் பாய்கிறது. மனிதக் குழந்தையில் இந்தப் படிவு பிறந்த சில மாதங்களில் பட்டையின் பின்முனையில் கண்ணுக்குத் தெரிகிறது. பிறகு முன்பகுதிக்கு வருகிறது. பத்து வயதைத் தாண்டியும் தொடர்கிறது. பட்டையின் அளவு இருபதுகளின் நடுப்பகுதி வரை கூடுகிறது.

அதிக இணைப்பே சிறந்த மூளை என்ற விளம்பர வாதம் இங்கே அடிபடுகிறது. களைவதும் உறையிடுவதும் சேர்ந்ததுதான் வளர்ச்சி.

4. மூன்று வயது, ஐந்து வயது, பத்து வயது

உடற்கூறு ஒரு பக்கம் இருக்க, குழந்தையின் செயலில் இது எப்படித் தெரிகிறது? இதற்கு எளிமையும் அழகும் கொண்ட சோதனை ஒன்று உண்டு. டேவிட் கேலின் குழுவினர் 1979இல் 'சயின்ஸ்' இதழில் அதை வெளியிட்டனர். குழந்தையின் கைகளைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டுத் துணித்துண்டு ஒன்றைத் தடவ விடுகிறார்கள். அடுத்து இன்னொரு துண்டு. இரண்டும் ஒன்றா, வேறா என்பது கேள்வி. சில முறை இரண்டு துண்டும் ஒரே கைக்கு. சில முறை ஒன்று வலது கைக்கும் மற்றது இடது கைக்கும். ஒரே கை என்றால் ஓர் அரைக்கோளமே ஒப்பிட்டுவிடலாம். இரு கை என்றால் ஒரு பக்கம் உணர்ந்தது மறுபக்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மூன்று வயதுக் குழந்தைகள் இரு கைச் சோதனையில் ஏறக்குறைய இரு மடங்கு தவறு செய்தார்கள். ஐந்து வயதினருக்கு இரண்டு முறையிலும் தவறுகள் சமமாகவே இருந்தன.

இந்த முடிவை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். மூன்று வயதில் இணைப்பே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. கடத்தப்படும் செய்தி நுணுக்கமாக இல்லை என்றுதான் கொள்ள முடியும். மூன்று வயதில் கவனம் எளிதில் சிதறும் என்பதால் தவறுகள் கூடியிருக்கலாம் என்று ஒருவர் மறுக்கலாம். ஆனால் கவனச் சிதறல் ஒரு கைச் சோதனையையும் அதே அளவு பாதித்திருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடுதான் இங்கே சான்று. அதனால் கேலின் குழுவின் விளக்கமே வலுவாக நிற்கிறது என்று கருதுகிறேன்.

ஐந்து வயதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. பால் தாம்சன் குழுவினர் ஒரே குழந்தைகளைப் பல ஆண்டு இடைவெளியில் மீண்டும் மீண்டும் எம்.ஆர்.ஐ. படமெடுத்து 2000இல் 'நேச்சர்' இதழில் எழுதினர். மூன்று முதல் ஆறு வயது வரை வேகமான வளர்ச்சி பட்டையின் முன்பகுதியில் இருந்தது. ஆறு வயதிலிருந்து பூப்பு வரை அது பின்பகுதியை நோக்கி நகர்ந்தது. மொழிக்கும் இடவுணர்வுக்கும் தொடர்புடைய பகுதிகளை இணைக்கும் இழைகள் அங்கேதான் இருக்கின்றன. பள்ளியில் எழுத்தும் வாசிப்பும் நிலைபெறும் ஆண்டுகளும் இவையே.

செய்தியைக் கடத்துவது மட்டும் இணைப்பின் வேலை அல்ல. மறுபக்கத்தை அடக்கி வைப்பதும் அதன் வேலை. ஐந்து வயதுப் பிள்ளை ஒரு கையால் கத்தரிக்கோல் பிடித்து வெட்டும்போது மறுகை விரல்களும் கூடவே அசைவதைப் பார்த்திருப்போம். வளர்ந்தவரில் ஒரு பக்க இயக்கப்பகுதியைக் காந்தத் துடிப்பால் தூண்டினால், அது இணைப்புப்பட்டை வழியே மறுபக்கத்தைச் சில கணம் அமைதிப்படுத்தும். 1998இல் ஜெர்மனியின் ஹைனன் குழுவினர், பள்ளிக்குச் செல்லும் முன்பான வயதுக் குழந்தைகளில் இந்த அடக்கம் இல்லை என்று காட்டினர். பிள்ளை வளர வளர அடக்கம் வருகிறது. கூடவே அசையும் விரல்களும் பத்து வயதை ஒட்டிப் பெரும்பாலும் ஓய்ந்துவிடுகின்றன. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதும்போது மறுகை ஆடுகிறது என்று அதட்டும் ஆசிரியர்கள் இதை அறிந்திருந்தால் நல்லது.

குறுக்கிட்ட கைகள் பற்றியும் அறிவியலில் உண்மையான ஒரு செய்தி உண்டு. தோப்புக்கரண ஆர்வலர்கள் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. கைகளைக் குறுக்காக வைத்துக்கொண்டு, எந்தக் கை முதலில் தொடப்பட்டது என்று கேட்டால் பெரியவர்கள் குழம்புகிறார்கள். 'என் வலது கை' என்ற உடல்சார் கணக்கும் 'இப்போது அது இடப்பக்கம் இருக்கிறது' என்ற இடம்சார் கணக்கும் மோதுவதே காரணம். பாகல், ஹீட், ரோடர் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வில் ஐந்தரை வயதைத் தாண்டிய குழந்தைகள் பெரியவர்களைப் போலவே குழம்பினார்கள். அதற்கு முந்தைய வயதினரிடம் அந்தக் குழப்பம் காணப்படவில்லை. புற உலகத்தின் இடக்கணக்கைத் தொடுவுணர்வோடு தானாகவே சேர்த்துக்கொள்ளும் பழக்கம் அந்த வயதில் வந்துவிடுகிறது. அதன் விலைதான் இந்தக் குழப்பம். கைகளைக் குறுக்கிடுவது மூளைக்கு ஒரு சோதனையாக இருக்கிறது என்பது வரை உண்மை. அது மூளையை இணைக்கும் மருந்து என்பதற்கு இதில் ஆதாரம் இல்லை.

5. பட்டை துண்டிக்கப்பட்டால்

இணைப்பின் அருமை அது இல்லாதபோதுதான் முதலில் தெரிந்தது. கட்டுக்கடங்காத வலிப்பு நோயாளிகளுக்கு இணைப்புப்பட்டையை வெட்டும் சிகிச்சை 1940களில் அமெரிக்காவில் தொடங்கியது. 1960களில் அப்படி அறுவை செய்யப்பட்டவர்களை ரோஜர் ஸ்பெரியும் மைக்கேல் கசானிகாவும் சோதித்தார்கள். பார்வையின் இடப்பக்கம் காட்டிய பொருளின் பெயரை நோயாளியால் சொல்ல முடியவில்லை; ஆனால் இடது கை அதைத் தடவிக் கண்டுபிடித்தது. 1981இல் ஸ்பெரிக்கு நோபல் பரிசு கிடைத்தது. 'வலது மூளை, இடது மூளை' என்ற வெகுசனப் பேச்சுக்கும் விதை இதுதான். நலமான குழந்தைகளுக்குப் பொருந்தாத ஒரு நிலையிலிருந்து கிளம்பிய பேச்சு அது.

சித்தூர் மாவட்டத்து வலிப்பு நோயாளிகள் நீண்ட காலமாகச் செல்லும் இடம் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் வேலூர். மான்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைசிகிச்சைத் துறையைத் தொடங்கினார். 1952இல் அங்கே வலிப்புக்கான அறுவை நடந்தது. சிறுவயதிலேயே உடலின் ஒரு பக்கம் செயலிழந்த ஓர் இளைஞருக்கு அது செய்யப்பட்டது. மூளையின் ஒரு பக்கம் பழுதுபட்டால் மறுபக்கம் எவ்வளவு ஏற்கும் என்ற கேள்வி நம் பகுதி மருத்துவத்துக்குப் புதிதல்ல.

அதே மான்ட்ரியாலில் பின்னாளில் மரீஸ் லாசோன்ட் கண்டது குழந்தைப் பருவத்தின் தனித்தன்மையைக் காட்டுகிறது. வளர்ந்த பிறகு பட்டை வெட்டப்பட்டவர்களிடம் தெரிந்த துண்டிப்பு அறிகுறிகள், சிறுவயதில் வெட்டப்பட்டவர்களிடமும் பிறவியிலேயே பட்டை இல்லாதவர்களிடமும் பெரிதாகத் தெரியவில்லை. பிறவியில் பட்டை உருவாகாத நிலை ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்கு என்று மதிப்பிடப்படுகிறது. 2014இல் பிரேசிலைச் சேர்ந்த டோவர்-மோல் குழுவினர், இத்தகையவர்களின் மூளையில் வேறு சிறு இணைப்புகள் வழியே இழைகள் சுற்றுப்பாதை அமைத்திருப்பதைக் கண்டனர். ஆனாலும் சுற்றுப்பாதையால் எல்லாம் ஈடாவதில்லை. விரைவான இரு கை ஒருங்கிணைப்பும், பேச்சின் மறைபொருளைப் பிடிப்பதும் இவர்களில் பலருக்குக் கடினமாகவே இருக்கின்றன.

குழந்தை மூளை வளையும். அதற்கும் எல்லை உண்டு. இந்த இரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். பயிற்சி விற்பவர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

6. பயிற்சியால் மாறுமா?

மாறும் என்பதற்கு வலுவான சான்று இசையிலிருந்து வருகிறது. காட்ஃப்ரீட் ஷ்லாக் 1995இல், ஏழு வயதுக்கு முன் இசைக்கருவி கற்கத் தொடங்கிய கலைஞர்களின் இணைப்புப்பட்டை முன்பகுதி பெரிதாக இருப்பதைக் காட்டினார். பிறப்பிலேயே அப்படி இருந்தவர்கள்தாம் இசைக்கு வந்தார்களோ என்ற ஐயம் உடனே எழுந்தது. அதற்கு விடை தேடி, ஹைட் குழுவினர் ஆறு வயதை ஒட்டிய 31 குழந்தைகளை 15 மாதம் தொடர்ந்தனர். தொடக்கத்தில் இரு குழுவுக்கும் வேறுபாடில்லை. விசைப்பலகை கற்றவர்களிடம் 15 மாத முடிவில் இணைப்புப்பட்டையிலும் இயக்கப் பகுதியிலும் மாற்றம் தெரிந்தது. 2009இல் வெளிவந்த இந்த ஆய்வு சிறியது, குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவும் இல்லை. ஆனாலும் திசை தெளிவாக இருக்கிறது.

திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் ஸ்ரீ வேங்கடேஸ்வரா இசை நடனக் கல்லூரி இருக்கிறது. மிருதங்கத்தில் தொப்பியும் வலந்தலையும் இரு கைக்கும் வெவ்வேறு வேலை தருகின்றன. வீணையில் ஒரு கை மீட்ட, மறுகை மேளக்கட்டில் நடக்கிறது. இரு அரைக்கோளங்களும் நொடிக்கு நொடி ஒத்துழைக்க வேண்டிய கலைகள் இவை. இதனால் கணக்கில் மதிப்பெண் கூடும் என்று நான் சொல்ல வரவில்லை. மூளையில் தடம் பதிய ஆண்டுக்கணக்கான, நுணுக்கம் கூடிக்கொண்டே போகும், குழந்தை விரும்பிச் செய்யும் பயிற்சி வேண்டும் என்பதையே இசை ஆய்வுகள் காட்டுகின்றன. தினமும் மூன்று நிமிடம் ஒரே அசைவைத் திரும்பச் செய்வது அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

தோப்புக்கரணம் பற்றியே நடந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன? பெங்களூரின் எஸ்-வியாசா பல்கலைக்கழகத்தினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், தோப்புக்கரணத்துக்குப் பின் இளைஞர்களின் கவனச் சோதனை மதிப்பெண் மேம்பட்டது. நேர்மையான, சிறிய ஆய்வு அது. ஆனால் அதில் அளந்தது கவனத்தை. அரைக்கோளங்களுக்கு இடையிலான தொடர்பை அல்ல. பங்கேற்றவர்கள் குழந்தைகளும் அல்லர். உட்கார்ந்து எழும் உடற்பயிற்சியால் இதயத் துடிப்பு கூடி, மூச்சு சீராகி, சற்று நேரம் கவனம் தெளிவது எதிர்பார்க்கத்தக்கதே. அந்தப் பலனை மறுக்க வேண்டியதில்லை. அதை இணைப்புப்பட்டையின் கணக்கில் எழுதுவதற்குத்தான் ஆதாரம் இல்லை.

இன்னொரு கவலையும் உண்டு. நம் பள்ளிகளில் தோப்புக்கரணம் தண்டனையாகவே அதிகம் இருந்து வந்தது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடல்ரீதியான தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 'மூளைக்கு நல்லது' என்ற பெயரில் அந்தத் தண்டனை வகுப்பறைக்குள் திரும்பி வர இடம் கொடுக்கக் கூடாது.

இந்தப் பகுதிக் குழந்தைகளின் அன்றாடத்தில் ஏற்கெனவே உள்ள ஒரு பயிற்சியையும் குறிப்பிட வேண்டும்: இரு மொழி. சித்தூர், நகரி, புத்தூர் வட்டாரங்களில் வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்குமாக வளர்கிறவர்கள் ஏராளம். குப்பத்தில் கன்னடமும் சேர்ந்துகொள்கிறது. ஹல், வைத் ஆகியோர் 2007இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சிறுவயதிலேயே இரு மொழியில் தேர்ந்தவர்களிடம் மொழிப்பணி இரு அரைக்கோளங்களிலும் பரவலாகவும், பின்னாளில் இரண்டாம் மொழி கற்றவர்களிடம் இடப்பக்கம் சாய்ந்தும் காணப்படுவதாக முடிவு செய்தனர். இதை எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை. ஆனால் வீட்டுமொழியைப் பேசினால் பிள்ளை குழம்பிவிடும் என்று ஆங்கிலத்துக்கு மட்டும் மாறச் சொல்லும் அறிவுரைக்கு இதில் எந்த ஆதரவும் இல்லை. குப்பத்தில் 1997 முதல் திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. திருப்பதியில் மருத்துவ ஆய்வு நிறுவனம் இருக்கிறது. இரண்டும் கைகோத்து எல்லைப்புறக் குழந்தைகளைப் பள்ளிப் பருவம் முழுவதும் தொடர்ந்தால், உலகுக்கே பயன்படும் ஆய்வு இங்கிருந்து வரும்.

7. இரும்பு

இதுவரை பார்த்தவற்றில் மயலின் படிவுதான் நடுநாயகமான நிகழ்வு. அது எதனால் தடைபடுகிறது என்று கேட்டால், விவாதம் பயிற்சி வகுப்பிலிருந்து சமையலறைக்கும் பிரசவ அறைக்கும் நகர்கிறது.

மயலினை உற்பத்தி செய்யும் செல்கள் இரும்புச்சத்தை மிகுதியாகக் கோருபவை. சிலே நாட்டில் நடந்த ஆய்வு ஒன்று இதைக் குழந்தைகளில் காட்டியது. இரும்புக்குறை ரத்தசோகை இருந்த ஆறு மாதக் குழந்தைகளில், காதிலிருந்து மூளைத்தண்டு வழியாக ஒலிச்செய்தி செல்லும் நேரம் நீண்டிருந்தது என்று ரொன்காலியோலோ குழுவினர் 1998இல் எழுதினர். மயலின் முதிர்ச்சி தாமதமாவதே காரணம் என்பது அவர்கள் விளக்கம். குறையைச் சரிசெய்த பிறகும், நான்கு வயதில் அந்தத் தாமதத்தின் அடையாளம் எஞ்சியிருந்ததை அல்கரின் குழுவினர் 2003இல் காட்டினர். அளந்தது இணைப்புப்பட்டையை அல்ல, செவிப்பாதையையும் பார்வைப்பாதையையும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஆனால் எல்லாப் பாதைகளிலும் உறையிடுவது ஒரே வகைச் செல்கள். வேண்டுவது ஒரே இரும்பு.

ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21), ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் ரத்தசோகை உள்ளவர்கள் ஆந்திரத்தில் 63.2 விழுக்காடு, தமிழ்நாட்டில் 57.4 விழுக்காடு, இந்தியாவில் 67.1 விழுக்காடு. ஆந்திரத்தில் 31.2 விழுக்காட்டுக் குழந்தைகள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். விரலில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் அளப்பதால் எண்ணிக்கை மிகையாக இருக்கலாம் என்ற விமர்சனம் உண்டு. எல்லா ரத்தசோகைக்கும் இரும்புக்குறையே காரணம் என்பதும் இல்லை. இவற்றுக்கெல்லாம் கழித்துக்கொண்டாலும் எஞ்சுவது மிகப் பெரிய எண். இணைப்புப்பட்டையில் களைதலும் உறையிடுதலும் மும்முரமாக நடக்கும் அதே ஆண்டுகளில் இந்தக் குறை இருக்கிறது என்பதுதான் வேதனை.

குழந்தையின் இரும்புக் கையிருப்பு பிறக்கும்போதே பெருமளவு முடிவாகிவிடுகிறது. பிறந்தவுடன் தொப்புள்கொடியை வெட்டாமல் சற்றுப் பொறுத்தால் நஞ்சுக்கொடியிலுள்ள ரத்தம் குழந்தைக்கு வந்து சேரும். காத்மாண்டுவில் 540 குழந்தைகளிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், ஒரு நிமிடத்துக்குள் கொடி வெட்டப்பட்டவர்களில் 82 விழுக்காட்டினருக்கு எட்டு மாதத்தில் ரத்தசோகை இருந்தது. மூன்று நிமிடம் பொறுத்து வெட்டப்பட்டவர்களில் அது 73 விழுக்காடு. அமெரிக்காவில் மெர்சர் குழுவினர் 2018இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் பொறுத்து வெட்டப்பட்ட குழந்தைகளின் இரும்புக் கையிருப்பு நான்கு மாதத்தில் கூடுதலாக இருந்தது. இயக்கம், பார்வை, தொடுவுணர்வு சார்ந்த மூளைப் பகுதிகளில் மயலினும் கூடுதலாக இருந்தது. செலவில்லாத சில நிமிடப் பொறுமை குழந்தை மூளையின் மயலினில் தெரிகிறது என்று குலுக்கல் முறை ஆய்வு ஒன்றே காட்டியிருக்கிறது. எந்த மூளைப் பயிற்சி வகுப்புக்கும் இப்படி ஒரு சான்றை நான் பார்த்ததில்லை.

புறக்கணிப்பும் இந்தக் கணக்கில் சேரும். மார்ட்டின் டெய்ச்சர் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் கவனிப்பாரின்றி வளர்ந்த குழந்தைகளின் இணைப்புப்பட்டை குறுகியிருந்தது. உணவு, தூக்கம், தொட்டுப் பேசும் ஒருவரின் அருகாமை ஆகியவை கிடைக்காத குழந்தைக்கு எந்த வகுப்பும் ஈடாகாது.

8. முடிவும் வேண்டுகோளும்

கைகளை மாற்றிக் காதைப் பிடித்து உட்கார்ந்து எழுவது குழந்தையின் அரைக்கோளங்களுக்கு இடையிலான இணைப்பை வளர்க்கிறது என்ற கூற்று, இன்று கைவசமுள்ள சான்றுகளின்படி நிறுவப்படாதது. அதற்குச் சொல்லப்படும் உடற்கூற்று விளக்கம் தவறானது. அதே விளக்கத்தைச் சொல்லிப் பணம் வாங்கும் வகுப்புகளைப் பெற்றோர் தவிர்க்கலாம். அந்தப் பணத்தை ஒரு பாட்டு வாத்தியாருக்கோ, மிருதங்க வாத்தியாருக்கோ கொடுக்கலாம்.

செய்ய வேண்டியவை ஏற்கெனவே அரசுத் திட்டங்களில் இருக்கின்றன. 2018இல் தொடங்கிய 'அனீமியா முக்த் பாரத்' திட்டத்தின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இருமுறை ஒரு மில்லி இரும்புச்சத்து சிரப் தர வேண்டும். அதில் 20 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஐந்து முதல் ஒன்பது வயதினருக்கு வாரம் ஒரு இளஞ்சிவப்பு மாத்திரை. சிரப் குடித்தால் மலம் கறுக்கிறது, பல் கறை படிகிறது என்று பல வீடுகளில் பாட்டில் பாதியில் நின்றுவிடுகிறது. கறுப்பது கெடுதல் இல்லை, கறை போகக்கூடியது. சிரப்போடும் சாப்பாட்டோடும் டீ கொடுப்பதை நிறுத்துங்கள். அது இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும். பிரசவத்துக்குச் சேரும்போது, குழந்தைக்கு உடனடிச் சிகிச்சை தேவைப்பட்டால் ஒழிய, தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டும்படி மருத்துவரிடமும் செவிலியரிடமும் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும் அதுவே. மூன்று வயதிலும் பிள்ளை ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மறுகையை முடக்கியே வைத்திருந்தால், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காமல் மாவட்ட முன்தலையீட்டு மையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்; அங்கே பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை.